அப்பா ஜெபம் பண்ணின சிடி

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று வேலூரில் சொன்ன அன்றே, குரல்வளையை எடுத்துவிடுவார்கள் என்பதும் தெரிந்துபோனது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆகும்வரை தோலுக்குக் கலர் ஸ்பிரே அடித்தவர். எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் எப்போதும் அவருடையதுதான். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வார். அதற்குள் குழம்பு ஆறிவிடும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் தம்பி தன் பழைய லேப்டாப்பில் அந்த ஜெபத்தைப் பதிவு செய்து, அதிலேயே ஒரு சிடியும் எழுதினான். பிறகு வைரஸ் வந்து லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழிக்க வேண்டியதாயிற்று. சிடிதான் இருக்கிறதே என்று நாங்கள் கவலைப்படவில்லை.

அப்பா குரலில்லாமல் வீடு திரும்பினார். சாயங்காலமானால் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய தட்டை இழுத்து, சிடியை அழுத்திப் பொருத்தி, உள்ளே தள்ளுவது அவர் வேலை. அம்மாவும் நானும் முக்காடு போட்டுக்கொள்வோம். லேப்டாப் ஜெபிக்கும். தன் ஜெபத்துக்குத் தானே தலைகுனிந்து அப்பா உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் ஜெபம் திக்கத் தொடங்கியது. அத்தையின் பெயரிலேயே நின்றுகொண்டு, நகர மாட்டேன் என்றது. மறுநாள் நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அப்பா ரிப்பேரில் இறங்கிவிட்டார். ஸ்பிரே கன் அடைத்துக்கொண்டால் தொழிற்சாலையில் என்ன செய்வாரோ அதையே செய்தார். தட்டிலிருந்த குட்டி லென்ஸைப் பஞ்சில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்டு அழுத்தித் துடைத்தார். தின்னருக்குப் போகாத அழுக்கை அவர் பார்த்ததே இல்லை. அது பிளாஸ்டிக் லென்ஸ். நான் வந்தபோது வீடெல்லாம் தின்னர் வாசனை. லென்ஸ் வெள்ளைவெளேர் என்று பூத்துப்போயிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பிப் பேச முடியாதவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரர் வேறு டிரைவ் மாட்டிப் பார்த்தார். காலி சிடி என்று காட்டியது.

"எழுதிட்டு க்ளோஸ் பண்ணாம உட்டுட்டாங்க மேடம். எழுதின டிரைவுதான் இத படிக்கும்."

"அதே மாதிரி டிரைவ் வேற கிடைக்காதா?"

"அந்த மாடல் இப்ப வர்றதில்ல. மெட்ராஸ்லயும் கேட்டுட்டேன். பேஜார் கேசு மேடம்."

சிடியைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். எழுதின இடம் மட்டும் கொஞ்சம் கருத்த வளையமாகத் தெரிந்தது. அப்பாவின் குரல் மொத்தமும் அங்கேதான் இருந்தது. கண்ணால் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சிடியை அப்பாவிடம் கொடுத்தேன். வளையத்தைக் காட்டி, கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவர் அதை விரலால் மெதுவாகத் தடவிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகும் அப்பா ஜெபத்தை விடவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து உதடுகளை மட்டும் அசைப்பார். யாருக்காக வேண்டுகிறார், எந்தப் பெயரில் இருக்கிறார், ஒன்றும் தெரியாது. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் கண்ணைத் திறந்து அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவை நின்றதும் யாராவது ஆமென் சொல்ல வேண்டுமே.