ஒன்பதாவது கார்டு

கீரனூரில் நான் வாத்தியாராக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வந்த தபால்காரர் ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டை அவர் தோளில் நிற்காது. யார் வீட்டுக் கார்டாக இருந்தாலும் எழுத்துள்ள பக்கத்தைக் கவிழ்த்துத்தான் கொடுப்பார்.

அன்று இரண்டு விரல் நுனியில் ஒரு கார்டை நீட்டினார். இதைப் பார்த்து ஒன்பது பேருக்கு எழுதிப் போடாவிட்டால் பதினைந்து நாளில் வீட்டில் சாவு விழும் என்று இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். இதையெல்லாம் நம்பாதவன்தான் நான். ஆனாலும் கிழித்துப் போடக் கை வரவில்லை.

"இந்தத் தெருவுக்கே இந்த மாசம் அஞ்சாறு வந்துருச்சுங்க சார். நீங்க ஒம்போது போட்டா, நான்தான் ஒம்போது வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கணும். செத்தவங்க பேருக்குப் போட்டுருங்க. ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பிருவேன்."

"ஒன்பதுமா?"

"எட்டு. ஒருத்தராச்சும் உசுரோட இருந்து படிக்கணும்ல. அதுக்கு என் பேரைப் போடுங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நான் யாருக்கும் எழுத மாட்டேன், என்னோட நின்னுரும்."

"ஒங்களுக்குப் பயமில்லையா?"

"பயம்தாங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்றே எழுதினேன். ஒன்பதாவதில் அவர் பெயரை எழுதுமுன் ஒருமுறை பேனாவைக் கீழே வைத்தேன். எழுதாமல் விடவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்குப் பெயர் வைத்த அன்று தபால் கொண்டுவந்தவர் வேறு ஆள். பழையவர் எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.