கத்தரி வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்

தேயிலை விலை விழுந்து தோட்டத்துத் தொழிற்சாலையைப் பூட்டிய வருடம், சசிகலா வீட்டில் உலை கொதித்தது அவளுடைய தற்காலிக வேலையால்தான். குன்னூரில் ஒரு கல்லூரியின் கணிதத் துறைக் கம்ப்யூட்டர் அறை அவள் பொறுப்பு. செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒரு குறை சொன்னாலும் மறுநாள் வர வேண்டாம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

வந்த தேர்வாளர் சிவகுரு கணித மென்பொருளைத் திறக்கச் சொன்னார். "ஒரு கட்டளைம்மா, பேரு மறந்துபோச்சு. 'மேக்ஸ்ஸ்டெப்ஸ்'னு அதுக்கு ஒரு ஆப்ஷன் உண்டு. அது இல்லாம பரீட்சைய ஆரம்பிக்க முடியாது."

உதவிப் பக்கமோ கட்டளையின் பெயரைக் கொடுத்தால்தான் வாய் திறக்கும். இருப்பதோ மூவாயிரம் கட்டளைகள். சசிகலாவின் நெஞ்சு அடித்த அடியில் சிம்ஸ் பார்க் குருவிகள் அத்தனையும் மிரண்டு மலையடிவார மேட்டுப்பாளையத்துக்கே இறங்கிவிட்டன.

கொழுந்து பறித்த அம்மா கருப்பம்மா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் சிலரைக் கத்தரியால் கொழுந்து வெட்டச் சொன்னார்கள். புது சூப்பர்வைசருக்கு ஒருத்தி பெயரும் தெரியாது. "கத்தரி வச்சிருக்கவங்க கையத் தூக்குங்க" என்பாராம்.

ஒவ்வொரு கட்டளையிடமும் அதன் ஆப்ஷன்களைக் கேட்டு, அந்த ஒன்றை வைத்திருப்பவற்றை மட்டும் காட்டும்படி ஒரு வரி எழுதி எண்டரைத் தட்டினாள். திரை அசையவில்லை.

"கெடுத்துட்டியா?" என்றார் சிவகுரு.

வேலை போயிற்று என்றே நினைத்தாள். பிறகு ஏழு பெயர்கள் வந்து நின்றன.

"நாலாவது, அதேதான். ஏம்மா இப்படி நடுங்குற?"

"குளிருங்க சார்" என்றாள், சித்திரை வெயிலில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே.