போக விட்ட கதை

நான் பிழைக்க வந்த இந்த வெள்ளைக்கார நாட்டில் தொலைபேசியை வைப்பதைக்கூட நமக்குச் செய்யும் உபகாரமாகத்தான் செய்வார்கள். இலங்கையில், எங்கள் ஊரான நிந்தவூரில் என்றால் "சரி, வைக்கட்டா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். இங்கே "ஐ வில் லெட் யூ கோ" என்பார்கள். உன்னைப் போக விடுகிறேன். அவருக்கு அலுத்துவிட்டது என்று அர்த்தம். இது விளங்கியதோடு என் ஆங்கிலம் நிறைவடைந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன் ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம். வாப்பா மௌத்தாகிவிட்டதால், தகப்பன் இடத்தில் நின்று நிக்காஹ்வில் அவளை ஒப்புக்கொடுக்க வேண்டியவன் நான். வேலை செய்த கிடங்கில் ஒரு மாத லீவு கேட்டிருந்தேன். இரண்டு கிழமை பதிலே இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் டேவிட் கூப்பிட்டு, தேநீர் தந்து, மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "வீ ஹேவ் டு லெட் யூ கோ."

எழும்பி அவர் கையைப் பிடித்து மூன்று தரம் நன்றி சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் ஊரில் இருக்கும் உம்மாவுக்கு போனில் கோல் எடுத்தேன்.

"லீவு தந்தாங்களா மகன்?"

"ஓம் உம்மா. போகட்டாம்."

"எத்தின நாளைக்கி?"

"அத அவர் சொல்லல்ல."

சாப்பாட்டு அறையில், கூட வேலை செய்யும் போலந்துக்காரி மார்த்தாவிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் என் தோளில் கை வைத்தாள். "உனக்கு வேலை போய்விட்டது. அதைத்தான் அப்படிச் சொல்வார்கள்." முன்பு வேறொரு இடத்தில் அவளையும் இப்படித்தான் போக விட்டார்களாம். அவள் மேலாளருக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாளாம். இருவரும் சிரித்தோம். பஸ்ஸில் வரும்போதுதான் கையில் மிச்சமிருந்த காசைக் கணக்குப் பார்த்தேன்.

விமான டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று, ஊருக்குப் போனேன். நிக்காஹ் நல்லபடி முடிந்தது. வந்தவர்களிடமெல்லாம் உம்மா டேவிட்டின் பெருமையைக் கதைத்தார்: "எத்தின நாளெண்டாலும் இருக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்காரு. அப்படிப்பட்ட மனிசன்." அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பயணம் புறப்படும் நாளில் இடுப்பில் உடுத்தும் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை மடித்துத் தந்தார்.

"அந்தத் தொரைக்கிக் குடு மகன்."

இப்போது அதை நான்தான் உடுத்துகிறேன். சென்ற கிழமை கணினி வழியே வேறொரு வேலைக்கு நேர்முகம். மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும், கீழே சாரன். பேச்சுக்கு நடுவே, கேள்வி கேட்ட பெண், வெளிச்சம் போதவில்லை, எழும்பி ஜன்னல் பக்கம் வர முடியுமா என்றார்.

"இங்கேயே இருக்கிறேன்" என்றேன். நான் எழும்பவில்லை.