ஓரம் நைந்த சிவப்பு அட்டை

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் அலுவலகக் குழுவில் சுகந்தியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. திறக்கும் முன்பே எனக்கு எரிச்சல். திங்கட்கிழமை நான் எழுதிய நிரலில் ஏதோ பிழையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எழுதியிருந்தவர் அவருடைய கணவர். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, அடக்கம் மடத்துக்குளத்தில் என்று இருந்தது.

அலுவலகத்துக்கு வெளியே அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய நல்ல குணங்களை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வேண்டியது வேறு. ஆறு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவர்மேல் பொறாமைப்பட்டேன். அவர் போன பிறகும் அது முழுதாகத் தீரவில்லை.

பனியன் கம்பெனிகளில் துணி வெட்டுவது முதல் பெட்டி கட்டுவது வரை கணக்கு வைக்கும் மென்பொருள்தான் எங்கள் தொழில். நான் பொறியியல் படித்தவன், குழுத் தலைவன். எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நாற்பது பக்கத்துக்கு விதிமுறை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை. சுகந்தி பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்து செக்கிங் பார்த்தவர். அஞ்சல்வழியில் படித்து, எங்களிடம் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலைக்கு வந்தார்.

வந்த முதல் மாதமே ஒவ்வொரு மேசையிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகளை வைத்தார். அவருடைய பழைய கம்பெனியில், தையல் தப்பினால் செக்கர் வந்து அந்த மெஷினில் சிவப்பு அட்டையை மாட்டிவிடுவார். அந்த மெஷின் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இங்கே அவர் அதை மாற்றினார். அவரவர் அட்டையை அவரவரே மாட்ட வேண்டும். பச்சை என்றால் வேலை ஓடுகிறது, மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால், சிக்கிக்கொண்டேன், வாருங்கள் என்று அர்த்தம். யார் மாட்டினாலும் சுகந்தி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். "கடைசில பாத்தா பூராத்தையும் பிரிக்கோணுமுங்க. தைக்கறப்பவே பாத்தா ஒரு பீஸோட போயிரும்" என்பார்.

பிழைகள் கண்ணெதிரே குறைந்தன. முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அந்த அட்டைகளைக் காட்டிப் பெருமைப்பட்டார். என் நாற்பது பக்கம் அலமாரியில் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் மேசையில் எப்போதும் பச்சைதான் தொங்கும்.

பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனிக்கு நான் ஒரு மாற்றம் செய்துகொண்டிருந்தபோது சுகந்தி வந்து, ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்று சொல்லிவிட்டு, அவர் சோதிக்காமலேயே அன்று மதியம் அனுப்பிவைத்தேன். வெட்டிய துணிகளைக் கட்டிய ஒரே பண்டலை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் என் நிரல் அதை இரண்டு பண்டலாக எண்ணியது. பாதிகூடத் தைக்காதபோதே எல்லாம் தைத்து முடிந்தது என்று திரை சொன்னது. பேக்கிங் ஆட்கள் காலிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், வாசலில் லாரி நின்றது.

மறுநாள் அந்தக் கம்பெனிக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து யார் பார்த்தது என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. திறக்கிற எண்ணமும் இல்லை. "செக் பண்ணுனது நானுங்க. என்ற கண்ணுக்குத் தப்பிப் போச்சு" என்றார் சுகந்தி.

முதலாளி எங்களைப் பார்த்து, "இப்படி ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணுமுங்க. பாத்துக் கத்துக்கங்க" என்றார். தப்பு என்னுடையது, பாராட்டு அவருக்கு. அன்று நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் பொறாமைதான் பட்டேன்.

டீக்கடையில் அவரை மடக்கி, யார் உங்களைக் கேட்டது என்று சண்டைக்குப் போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என்னைத் திட்டுனா நாளைக்கும் வேலை நடக்குமுங்க சார். உங்களைத் திட்டுனா இனி நீங்க எதையுமே வெளிய காட்ட மாட்டீங்க." உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது. அதன்பின் அவர் அதைப் பற்றி என்னிடமோ வேறு யாரிடமோ ஒரு சொல் பேசவில்லை. உங்களில் பலர் இன்றுவரை அது சுகந்தியின் தவறு என்றே நினைத்திருக்கிறீர்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அலுவலகத்தில் அவரைப் பற்றி நான்கு வார்த்தை பேசச் சொன்னார் முதலாளி. நான் என் சிவப்பு அட்டையை எடுத்து மேசையில் மாட்டிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். எதிர் மேசை ஜோசப் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க சிக்கியிருக்கு, காட்டுங்க" என்றார். திங்கட்கிழமை எழுதிய நிரலைத் திறந்தேன். அதில் பிழை இருந்தது.

சுகந்தியின் சிவப்பு அட்டையைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிவப்பை மாட்டியவர் அவர்தான். ஓரமெல்லாம் நைந்து, நிறம் வெளுத்துப் போயிருக்கிறது. என்னுடையது ஆறு வருடமாகியும் புத்தம் புதிதாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அந்த நைந்த ஓரத்தின் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.