புள்ளிப் பெரியப்பா

பதுளையில் எங்கள் பெரியப்பாவுக்குத் துணிக்கடை முதலாளி என்று பெயர்தான். கடையைக் கட்டிக்கொண்டு அழுதவர் பெரியம்மா. பெரியப்பா மாடியில் தான் சேர்த்த ஓவியங்களோடும் தடித்தடியான புத்தகங்களோடும் குடித்தனம் நடத்தினார். ஓவியம் பற்றிச் சந்தேகம் கேட்கக் கொழும்பிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். பெரியம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, போகும்போது இடுப்பில் கட்டும் சாரம் ஒன்றையாவது விற்றுவிடுவார்.

பெரியப்பா நெஞ்சு ஆப்பரேஷனுக்குக் கண்டிக்குப் போகவிருந்த வாரம், பக்கத்து ஊரான லுணுகலையிலிருந்து ஓவியர் ஒருவர் அவரையே வரைந்து கொண்டுவந்தார். அதில் கோடே கிடையாது, முழுக்கப் புள்ளிகள். நான் படத்தில் முட்டாத குறையாகப் போய்ப் பார்த்தேன். மூக்கில் பச்சைப் புள்ளி, கன்னத்தில் ஊதாப் புள்ளி. பெரியப்பாவைத்தான் காணோம்.

"கிட்ட நிக்காத. நல்லா தள்ளிப் போய்ப் பாரு, முகம் தானா வரும்" என்றார் பெரியப்பா. எனக்குப் புள்ளிகளே போதுமாயிருந்தன.

பெரியம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கியவர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போற மனுசன் படத்த யாராச்சும் மாட்டுவாங்களாங்க?" என்று அழுதார்.

பெரியப்பா வாதாடவில்லை. படத்தைக் கூடத்தில் தன் நாற்காலியில் சாய்த்து வைத்தார். "மாட்டல, உக்காந்துதானே இருக்கேன். ஒரு தடவ பாரேன்" என்று கெஞ்சினார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரே மதிக்கிற மனிதர் ஒரு பார்வைக்குக் கெஞ்சியது எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் குறையோடுதான் என் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கண்டிக்குப் போனார். பெரியம்மாவுக்குத் துணையாக என்னை விட்டுப்போனார்கள்.

ஆப்பரேஷனுக்கு முதல்நாள் போன் பண்ணினார். பெரியம்மா சாப்பாடு, மருந்து எல்லாம் விசாரித்துவிட்டு, கடையில் ஆள் கூப்பிடவே போனை என் கையில் கொடுத்துப் போனார்.

பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "பெரியம்மாவுக்குப் படம் புடிச்சிருச்சா?" என்றார்.

அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. "இல்ல பெரியப்பா. பயப்படுறாங்க. கிட்டயே போறதில்ல. சாப்பிடுறப்பகூட தட்டத் தூக்கிட்டு அந்தக் கோடியில அடுப்படி வாசலுக்குப் போயிர்றாங்க. அங்கேயே நின்னு அதையே மொறச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

பெரியப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கையும் உறிஞ்சினார்.

"எங்க நிக்கிறா? இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னேன். ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. இங்கே பெரியம்மா பயந்து சாகிறார், அது இந்த மனிதருக்கு இவ்வளவு இனிக்கிறதே என்று.