துண்டு அக்காவின் அடுத்த பக்கம்

எங்கள் அலுவலகத்தில் துண்டு அக்கா என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். வாஷிங் மெஷினுக்கு உபயோகக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. அத்தனையையும் ஒரே நீளக் கோப்பாகத் தட்டுவார். நடுநடுவே "இங்கே பிரி" என்று கட்டளை வைப்பார். கணினி அந்த இடத்தில் துண்டாக வெட்டித் தனி இணையப் பக்கமாக்கி, அடியில் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தானும் வைத்துவிடும். கட்டளை போடாவிட்டால் அக்காவுக்குக் கை அரிக்கும். சாப்பாட்டு டப்பாவிலேயே ஆறு தடுப்பு வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்?

"படிக்கிறவங்க விரல் தேஞ்சிடும்மா. எல்லாத்தையும் ஒரே பக்கமாப் போடு," என்றார் மேனேஜர்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்க மாமியாருக்கு மெஷின்னாலே ஆகாது சார். அவங்களே இதைப் பார்த்து ஃபில்டரைச் சுத்தம் பண்ணிட்டா, நான் பிரிச்சது பிரிச்சபடி இருக்கணும். இல்லேன்னா எல்லாத்தையும் நானே ஒட்டிடறேன்."

மருமகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத மாமியார் அவர்.

சனிக்கிழமை மேனேஜரும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். மாமியார் கைபேசியோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மேனேஜர் புதுக் காலுறையோடு பக்கத்தில் நின்றார்.

"'கீழே உள்ள மூடியை இடப்பக்கம் திருகவும்.' இவ்வளவுதானா?" என்று திருகினார் மாமியார்.

குபுகுபுவென்று தண்ணீர். கூடம் வரைக்கும் போயிற்று. அவர் நிதானமாக அடுத்த பக்கத்தைத் தட்டினார். "'எச்சரிக்கை: மூடியைத் திறக்குமுன் தண்ணீரை வடித்துவிடவும்.' நல்லா எழுதியிருக்கே போ!"

"அடுத்த வரியிலேயேதானே எழுதியிருக்கேன் அத்தை!" என்று அலறினார் அக்கா. அவருடைய கோப்பில் அது அடுத்த வரிதான்; இடையில் ஒரு கட்டளை. வெட்டி வந்த பக்கங்களைத் திறந்து பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே, ஒரே பக்கம்னு," என்றார் மேனேஜர், ஒற்றைக் காலைத் தூக்கியபடி. அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"சும்மா இருங்க தம்பி," என்றார் மாமியார். "நீளமா இருந்திருந்தா ஃபோனை அப்பவே மூடி வெச்சிருப்பேன். துண்டு துண்டா இருந்ததாலதான் மெஷின் கிட்டயே வந்தேன். இவ வெட்டினது சரிதான். இந்த ஒரு வெட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் வாயிலிருந்து "சரி" என்ற வார்த்தையை அன்றுதான் முதல்முறை கேட்டாராம்.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் அவர் கையில் தரை துடைக்கும் மாப்பைத் திணித்தார்.

"முதல்ல அந்த மூலையைத் துடைங்க. அடுத்தது என்னன்னு அப்புறம் சொல்றேன்."