என் வீசிங்குக்கு ஒரு வேண்டுதல்

கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அக்காவிடம் உண்மையைச் சொல்லலாமா, வேண்டாமா? காலையில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது.

விஷயம் இதுதான். பெரியவர்களுக்கு மட்டுமான காதல் கதைகளுக்கு நான் குரல் கொடுக்கிறேன். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் கேட்கிற ஆப் அது. கணவனும் மனைவியும் கதவைச் சாத்தியதும் மற்ற கதைகள் முடிந்துவிடும். எங்கள் கதைகள் அங்கேதான் தொடங்கும். சட்டப்படி நடக்கிற கம்பெனி. ஒப்பந்தத்தை மூன்று முறை படித்து, என் கணவரையும் படிக்கவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகும் ஒரு முறை படித்தேன்.

பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரல் எனக்கு. மகள் பிறந்த பிறகு அதற்கு, "சாப்பிடு, தூங்கு, அதை வாயில போடாத" என்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தது.

செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் மாடி வீடு எங்களுடையது. மகள் பாலர் பள்ளியில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் பதிவு. பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொள்வேன். எதிரொலியைப் புடவைகள் விழுங்கிவிடும். வசனம் முடிந்ததும் மூச்சுகளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முத்தம் என்பது என் சொந்தப் புறங்கை.

முதல் வாரம், சென்னையிலிருந்து ஒலிப்பதிவைக் கவனிக்கும் பெண் போனில் சொன்னார்: "மேடம், இது காதல் மூச்சு இல்ல. மூணு மாடி ஏறி வந்த மூச்சு."

போர்வைக்குள்ளேயே சிரித்துவிட்டேன். மறுபடி, மறுபடி, எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் அவர், "ஐயோ, இதுதான் மேடம்!" என்று கத்தினார். பள்ளி மேடையில் கோப்பை வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஆனால் மொட்டைமாடிக்குப் போகும் படி எங்கள் படுக்கையறை ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. ஜன்னல் மூடியிருந்தால் போதும் என்று நினைத்தது என் தப்பு. துணி காயப்போட வந்த அக்கா ஒரு நாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு சொம்பு தூதுவளை ரசம்.

"இன்னாம்மா, இப்படி இழுக்குது உனக்கு?"

வியர்த்து, தலை கலைந்து, முகம் சிவந்து நின்ற என்னைப் பார்த்து அவரே பதிலையும் சொன்னார். "வீசிங்தான். எங்க பெரியப்பா பையனுக்கும் இப்படித்தான் இழுக்கும்."

"ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு நாள் கற்பூரவல்லி, ஒரு நாள் ஆவி, ஒரு நாள் மிளகுக் கஷாயம். ஆன்லைனில் பாடம் வாசிக்கும் வேலை என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "அப்படி இன்னாடி பாடம், இவ்ளோ மூச்சு வாங்குற அளவுக்கு? ஜாஸ்தி இழுத்துப் போட்டுக்காத. கம்மி பண்ணிக்கோ" என்பார். என் கணவர் சாயங்காலம் வந்ததும், "ரசம் மிச்சம் இருக்கா, இல்ல நானும் கொஞ்சம் இழுத்துக் காட்டணுமா?" என்று கேட்பார்.

சிரித்துச் சிரித்தே அக்கா எங்களுக்குச் சொந்தமாகிவிட்டார். மகள் அவர் மடியில்தான் சாப்பிடுகிறாள். எனக்குத் தலை பின்னிவிடக்கூட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஐந்து வருடத்தில் இப்படி ஒருவர் எனக்கு இருந்ததில்லை. பொய் சொல்லி வாங்கிய அன்பு என்பதுதான் உறுத்துகிறது.

போன வாரம் அவர் சொன்னார்: "வர்ற பௌர்ணமிக்கு உனக்காக மலை சுத்தறதா வேண்டிக்கிட்டேன். செருப்பில்லாம."

மூட்டுவலியால் எங்கள் மாடிப்படியையே கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறுபவர். எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையோ பதினான்கு கிலோமீட்டர்.

"வேண்டாங்க்கா, எனக்கு இப்ப சுத்தமா நல்லாயிடுச்சு" என்றேன் அவசரமாக.

"பாத்தியா!" என்று கையைத் தட்டினார். "வேண்டினதுமே கேட்டுடுச்சு. இனிமே சுத்தாம இருந்தா தெய்வக் குத்தமாயிடும்."

சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாரா, என் மகளை மடியிலிருந்து இறக்கிவிடுவாரா, தெரியவில்லை. வேறு வீடு கிடைக்கும். வேறு அக்கா கிடைக்கமாட்டார். வேலையை விடவும் எனக்கு மனமில்லை. விடவேண்டிய வேலை என்றும் நினைக்கவில்லை. சொல்லாமல் விட்டால், இல்லாத நோய்க்காக அந்தக் கால்கள் மலையைச் சுற்றும்.

பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. "அக்கா, அது வீசிங் இல்ல" என்பது வரை கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டேன். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால், அதற்கு அடுத்த வாக்கியத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள்.